பூசுதலும் பொழிதலும்



‘கிறிஸ்து’ என்பது என்ன வகைச் சொல் என்று வகுப்பிலே கேட்டால், பெயர்ச்சொல் என்று மாணவர் விடை சொல்வர். விடை பிழையன்று. ஆயினும் இன்னும் ஒருபடி உள்ளே சென்று பார்த்தால், நம் இலக்கண நூலார் வினையாலணையும் பெயர் என்று வகுத்த இனத்தோடு அது சேரும். வந்தவர், பாடியவர், அழைக்கப்பட்டவர் என்பன போல, ஒரு வினையிலிருந்து பிறந்து ஆளைக் குறித்து நின்ற சொல் அது. அதைப் பெற்ற வினை பழைய கிரேக்க மொழியிலுள்ள ‘கிறியோ’ என்பதாகும். எண்ணெய் முதலான நெய்ப்பொருளைக் கையினால் பூசுதல், தடவுதல், தேய்த்தல் என்பன அதன் பொருள். ஆகவே ‘கிறிஸ்தோஸ்’ என்றால் பூசப்பட்டவர்.

‘பூசப்பட்டவர்’ என்றதும் நம் செவிக்குச் சற்றே கூச்சமாயிருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறோம். சிரங்குக்கு மருந்து பூசுகிறோம். உலகின் பெருஞ்சமயம் ஒன்று கடவுளாக வணங்கும் ஒருவருக்கு இப்படியும் ஒரு பெயரா என்று தோன்றும். விவிலியத்தைத் தமிழாக்கியோர் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்’ என்றனர். அண்மைக்காலத்தார் ‘அருள்பொழிவு பெற்றவர்’ என்கின்றனர். பூசுதல் ஒரு செயல். பொழிதல் வேறொரு செயல். ஒன்று மற்றொன்றாக எவ்வாறு மாறிற்று, மாறியதிலே எது விடுபட்டது என்பதை நோக்குவதே இன்றைய உரையின் கருத்து.

சைவப் பாரம்பரியமுள்ள கல்லூரியிலே தமிழ் படிப்பிக்கும் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று எவரேனும் கேட்கலாம். யாழ்ப்பாணத்திலே அந்தக் கேள்விக்கு அதிக இடமில்லை. வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து, 1850 இல் வெளிவந்த விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். சைவத்தைக் காக்க எழுந்த அதே கைதான் அந்நூலின் தமிழையும் செப்பஞ் செய்தது. சொல் எந்தச் சமயத்தாருடையதாயினும் அதன் பொருளை நேர்மையாகக் காண வேண்டும் என்பது நம்மூர்க் கல்வி மரபிலே ஊறிய ஒன்று.

நீராடிய உடலும் நஞ்சு தோய்ந்த அம்பும்

கிரேக்கரின் ஆதிகவி ஹோமர். அவருடைய ‘ஒடிசி’ காவியத்திலே, தந்தையைத் தேடிப் புறப்பட்ட இளவரசன் தெலெமாக்கஸ், முதியவராகிய நெஸ்டரின் மாளிகைக்கு விருந்தினனாக வருகிறான். நெஸ்டரின் கடைசி மகள் அவனை நீராட்டி, ஒலிவ எண்ணெய் பூசி, நல்லாடை உடுத்துவிக்கிறாள். அங்கே ஹோமர் ஆளும் வினை கிறியோ. அதில் சமயச் சடங்கு எதுவும் இல்லை. வழிநடந்து களைத்து வந்தவனுக்குச் செய்யும் உபசாரம் அது. நாம் எண்ணெய் தேய்த்து முழுகுவோம். அவர்கள் முழுகியபின் எண்ணெய் தேய்த்தார்கள். முன்பின் மாறினாலும் காரியம் ஒன்றுதான்.

அதே காவியத்தின் முதற் பகுதியிலே இவ்வினை இன்னொரு இடத்திலும் வருகிறது. ஒடிசியஸ் தன் அம்பு முனைகளிலே தடவுவதற்காகக் கொல்லும் நஞ்சு தேடி எபிரா என்ற ஊருக்குப் போகிறான். தேவர்களுக்கு அஞ்சி ஒருவன் கொடுக்க மறுக்கிறான், வேறொருவன் கொடுக்கிறான். அம்பிலே நஞ்சைத் தடவுதலுக்கும் கவிஞர் ஆள்வது கிறியோவே. விருந்தினன் மேனியில் எண்ணெய் பூசிய சொல்லும், பகைவன் உயிரைக் குடிக்க நஞ்சு பூசிய சொல்லும் ஒன்று. ஈஸ்கிலஸ் என்ற நாடகாசிரியர், மாட்டீ குத்துவதற்கும் இவ்வினையை ஆண்டிருக்கிறார். மேற்றோலைத் தொட்டு உரசிச் செல்லுதல் என்ற கருத்து எல்லாவற்றுக்கும் அடியிலே கிடக்கிறது.

இனி, ‘கிறிஸ்தோஸ்’ என்ற சொல்லே இயேசு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழக்கில் இருந்தது. ஈஸ்கிலஸும் யூரிப்பிடீஸும் தத்தம் நாடகங்களில் அதை மருந்துக்கு அடைமொழியாக ஆண்டனர். குடிக்கும் மருந்து ஒருவகை. கிறிஸ்தோஸ் மருந்து மற்றொரு வகை. அதாவது, மேலே பூசும் மருந்து. நம்முடைய சித்த வைத்தியர்கள் உள்மருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்திருக்கிறார்களே, அந்தப் பிரிவை நினைத்தால் இது எளிதில் விளங்கும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸ் நகரத்தான் ஒருவனிடம் ‘கிறிஸ்தோஸ்’ என்றால், அவன் மனத்திலே அரசனோ இரட்சகனோ தோன்றியிருக்கமாட்டார், தைலக்குப்பிதான் தோன்றியிருக்கும்.

கிறியோவுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அது ‘அலெய்போ’. இதற்கும் பூசுதல், தடவுதல் என்பனவே பொருள். பாடும் மோகினிகளின் குரல் கேளாதபடி ஒடிசியஸ் தன் தோழர்களின் காதுகளை மெழுகினால் அடைக்கிறானே, அங்கே வருவது இச்சொல். மல்யுத்தக் கூடங்களிலே வீரர்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பயிற்சி கொடுப்பவனுக்கு ‘அலெய்ப்தேஸ்’ என்று பெயர். இச்சொல்லின் வயது வியப்பூட்டுவது. மைக்கேல் வெந்திரிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1952 இல் வாசித்து விடுவித்த ‘லீனியர் பி’ எழுத்துள்ள களிமண் பலகைகள் உள்ளன. அவற்றுள் பைலோஸ் அரண்மனையிலே கிடைத்தவை ஏறத்தாழ கி.மு. 1200 ஐச் சேர்ந்தவை. அவற்றிலே பூசுதைலம் காய்ச்சுபவர் என்ற தொழிற்பெயர் இந்த அடியிலிருந்து பிறந்து நிற்கிறது. ஹோமருக்கும் முந்திய கிரேக்கத்திலே தைலம் காய்ச்சுவது தனித் தொழிலாயிருந்தது என்பதற்கு அது சான்று.

ஆக, இரண்டு வினைகள். இரண்டும் வீட்டுச் சொற்கள். குளியலறையிலும் வைத்தியன் வீட்டிலும் விளையாட்டுக் களத்திலும் புழங்கியவை.

அரசர் தலையிலே ஏறிய சொல்

கிறியோ எப்போது உயர்ந்தது? கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொடக்கம் எகிப்தின் அலெக்சாந்திரியா நகர யூதர்கள் தங்கள் வேதத்தை எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்கு மாற்றலாயினர். எபிரேயத்திலே ‘மாஷக்’ என்றொரு வினை. அதன் அடிப்பொருளும் பூசுதலே. கேடயத்துக்கு எண்ணெய் பூசுவதும், வீட்டுக்குச் செஞ்சாயம் பூசுவதும், மெல்லிய அப்பத்திலே எண்ணெய் தடவுவதும் அந்நூலிலே இவ்வினையாற் சொல்லப்படுகின்றன. அதனோடு, குருவையும் அரசனையும் எண்ணெயிட்டு அப்பதவிக்கு உரியவராக்குவதும் இதே வினைதான். அவ்வாறு எண்ணெயிடப்பட்டவர் ‘மாஷியாக்’. நாம் ‘மெசியா’ என்பது அதுவே. மொழிபெயர்ப்பாளர்கள் மாஷக்குக்குப் பெரும்பாலும் கிறியோவை வைத்தனர். மாஷியாக்குக்குக் கிறிஸ்தோஸை வைத்தனர். தைலக்குப்பிச் சொல் அரசர் தலையிலே ஏறியது இப்படித்தான்.

இந்த ஏற்றம் பிற கிரேக்கருக்கும் உரோமருக்கும் விளங்கவில்லை. ‘பூசுமருந்தை’ வணங்குகிறார்களா என்று மயங்கியிருப்பர் போலும். அவர்களிலே பலர் கிறிஸ்தோஸை ‘கிறெஸ்தோஸ்’ என்று காதிலே வாங்கினர். கிறெஸ்தோஸ் என்றால் நல்லவன், பயன்படுபவன். அடிமைகளுக்கு இட்டு வழங்கிய சாதாரண பெயர் அது. இரண்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சுவெத்தோனியஸ், உரோமபுரியிலே ‘கிறெஸ்துஸ்’ என்பவனுடைய தூண்டுதலால் யூதரிடையே கலவரம் நிகழ்ந்ததாக எழுதினார். அது கிறிஸ்துவின் பெயர் திரிந்த வடிவம் என்பது அறிஞர் பலர் கருத்து. தங்கள் பெயரை மற்றவர்கள் பிழையாக உச்சரிக்கிறார்கள் என்று தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளரும் கி.பி. 197 அளவில் குறைப்பட்டிருக்கிறார்.

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். கிரேக்க மூலத்திலே கிறியோ ஐந்தே இடங்களில் வருகிறது. லூக்கா நற்செய்தியில் ஒன்று, அப்போஸ்தலர் பணியில் இரண்டு, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் ஒன்று, எபிரேயருக்கு எழுதியதில் ஒன்று. ஐந்திலும் பூசுபவர் கடவுளே. அலெய்போ ஒன்பது முறை வருகிறது. அங்கெல்லாம் பூசுபவர் மனிதர். பூசப்படுவது உண்மையான எண்ணெய் அல்லது பரிமளத் தைலம். நோன்பிருப்பவன் தலைக்கு வைக்கும் எண்ணெய், நோயாளிக்குப் பூசும் எண்ணெய், இயேசுவின் பாதங்களிலே ஒரு பெண் பூசிய தைலம் என்பன அவை.

இக்கணக்கைக் கொண்டு சிலர் ஒரு விதி செய்தனர். கிறியோ தெய்வீகச் சொல், அலெய்போ உலகியற் சொல் என்பது அந்த விதி. பிரசங்கங்களிலே இது அடிக்கடி கேட்கப்படுவது. புதிய ஏற்பாட்டின் அந்தப் பதினான்கு இடங்களுக்கு விதி பொருந்துகிறது என்பது மெய். ஆனால் சொல்லின் வரலாறு முழுவதற்கும் அது பொருந்தாது. நஞ்சு பூசிய அம்பை மேலே கண்டோம். புதிய ஏற்பாட்டிலேயே பிறவிக் குருடன் ஒருவனுடைய கண்களிலே இயேசு சேறு பூசுகிறார். அங்கே வருவது கிறியோவுக்கு முன்னொட்டுச் சேர்ந்த சொல். மண்ணும் உமிழ்நீரும் கலந்த சேற்றைவிட உலகியலான பொருள் வேறு உண்டா?

மறுபுறம், யாக்கோபு பெத்தேலிலே தான் தலைக்கு வைத்துப் படுத்த கல்லை நிமிர்த்தித் தூணாக நாட்டி அதற்கு எண்ணெயிட்ட நிகழ்ச்சி பழைய ஏற்பாட்டிலே உண்டு. அதனைக் கடவுளே பின்னர் நினைவூட்டிப் பேசும் இடத்திலே, எபிரேயத்தில் இருப்பது மாஷக். கிரேக்க மொழிபெயர்ப்பிலோ வருவது ‘உலகியற் சொல்’லாகிய அலெய்போ. கல்லை நாட்டி எண்ணெய் சாத்தும் வழிபாட்டைச் சைவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் புனிதச் செயலுக்குக் குளியலறைச் சொல்லே போதுமாயிருந்தது. சொல்லிலே புனிதம் இல்லை. பூசுகிறவரும் பூசப்படுகிறவரும் பூசும் நோக்கமுமே அதைத் தீர்மானிக்கின்றன.

தமிழாக்கியோர் கண்ட வழி

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இரு சொற்களையும் கவனியாது விடவில்லை. புரட்டஸ்தாந்து சபையினரிடையே நெடுங்காலம் வழங்கிவரும் மொழிபெயர்ப்பு 1871 இல் வெளிவந்தது. பவர் ஐயர் தலைமையிலே செய்யப்பட்டது. அதில் கிறியோ வரும் ஐந்து இடத்திலும் ‘அபிஷேகம்’ என்றும், அலெய்போவுக்குப் பெரும்பாலும் ‘பூசுதல்’ என்றும் பிரித்து வைத்தனர். குருடன் கண்ணிலிட்ட சேற்றுக்குப் ‘பூசுதல்’ என்றே எழுதினர். வெளிப்படுத்தின விசேஷத்திலே கண்மருந்து இடும் இடம் ஒன்று உண்டு. அங்கும் கிறியோவின் இனச்சொல்லே நிற்கிறது. அதற்கு அவர்கள் தேர்ந்த சொல் ‘கலிக்கம்’. சித்த வைத்தியத்தின் 32 புறமருந்துகளிலே ஒன்று கலிக்கம். கண்ணுக்கு இடும் மருந்துக்கு நம் வைத்தியர் வழங்கிய பெயரையே எடுத்தாண்ட அந்த நுட்பத்தைப் பாராட்டாதிருக்க முடியாது.

கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து 1995 இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ அபிஷேகத்துக்குப் பதிலாக ‘அருள்பொழிவு’ என்ற சொல்லைக் கொண்டது. வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல் வைத்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் செயலின் வடிவம் மாறவில்லை. அபிஷேகம் என்பது ‘அபி’ என்ற முன்னொட்டோடு ‘சிச்’ என்ற வேர் சேர்ந்தது. தெளித்தல், சொரிதல் என்பது அந்த வேரின் பொருள். பொழிவும் சொரிதலே. வடமொழியிலே பூசுதலுக்கு வேறு வேர் உண்டு. அது ‘அஞ்ச்’. எண்ணெய் தேய்த்தலைக் குறிக்கும் ‘அப்பியங்கம்’, மையைக் குறிக்கும் ‘அஞ்சனம்’ ஆகியன அதிலிருந்து வந்தவை. இலத்தீனிலே பூசுதைலத்துக்குள்ள சொல்லும் அந்த வேருக்கு உறவுடையதே. கிறியோவுக்கு நேரான வடமொழி வேர் வேண்டுமாயின் அஞ்ச் என்பதே நெருங்கியது, சிச் அன்று.

அப்படியானால் அபிஷேகம் என்றது பிழையா? பிழை என்பதற்கில்லை. சாமுவேல் தீர்க்கதரிசி சவுலை அரசனாக்கும்போது குப்பியிலிருந்த எண்ணெயை அவன் தலையிலே ஊற்றினார் என்றுதான் விவிலியம் சொல்கிறது. ஊற்றுதலும் பூசுதலும் அங்கே கலந்தே நின்றன. நம் நாட்டிலோ அரசனை முடிசூட்டுகையில் நீராட்டுவது வழக்கம். தொல்காப்பியர் காலத்திலேயே அதற்கு ‘மண்ணுமங்கலம்’ என்று துறைப்பெயர் உண்டு. பட்டாபிஷேகம், கும்பாபிஷேகம் என்று கேட்டுப் பழகிய செவிக்கு, பதவியளிக்கும் புனிதச் செயல் என்றதும் அபிஷேகமே முன்வரும். மொழிபெயர்ப்பாளர்கள் செயலின் தகுதியைப் பிடித்தார்கள்; தகுதியைப் பிடித்தபோது செயலின் வடிவம் நழுவிற்று.

நழுவியது எது? தொடுகை. அபிஷேகம் மேலிருந்து கீழே விழுவது. செம்பு இடையிலே நிற்கும், கை படவேண்டியதில்லை. பூசுவதற்கோ கை பட்டே ஆகவேண்டும். எட்டி நின்று ஒருவருக்குப் பூச முடியாது. ‘கடவுள் என்னைப் பூசினார்’ என்பதிலே உள்ள நெருக்கம் ‘என்மேல் பொழிந்தார்’ என்பதிலே இல்லை. மழை எல்லார்மேலும் பொழிகிறது. தாய் தன் பிள்ளைக்குத்தான் எண்ணெய் பூசுகிறாள்.

பூசு என்னும் சொல்லின் பெருமை

பூசு என்பது தாழ்ந்த சொல் என்ற கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது? சைவர்கள் நாள்தோறும் செய்வது திருநீறு பூசுதல். நாவலர் தமது ‘சைவ வினாவிடை’யிலே உத்தூளனம், திரிபுண்டரம் என்று திருநீறு தரிக்கும் வகைகளை விளக்குகிறார். அவற்றின் பெயர்கள் வடசொல்லாயினும், காலையில் முகங்கழுவிய பிள்ளையிடம் தாய் சொல்வது “திருநீறு பூசிக்கொண்டு வா” என்பதுதான். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் வழக்கிலும் பூசுதல் அழியாமல் நிற்கிறது. ஆயர் மந்திரித்த கிறிஸ்மா தைலத்தினால் நெற்றியிலே குறியிட்டு நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கு ‘உறுதிப்பூசுதல்’. நோயாளிக்கு எண்ணெயிடும் சடங்கு முன்னர் ‘அவஸ்தை பூசுதல்’ எனப்பட்டது. இப்போது ‘நோயில் பூசுதல்’. கிறிஸ்மா என்ற தைலப்பெயர் கிறியோவின் பிள்ளை. முகத்துக்குப் பூசும் ‘கிறீம்’ என்ற ஆங்கிலச் சொல்லிலும் அதே கிறிஸ்மாவின் கலப்பு உண்டு என்பது சொல்லாய்வாளர் முடிபு. மொழிபெயர்ப்பு நூல் அபிஷேகம் என்றாலும், நோயாளியின் கட்டிலண்டை நின்ற குருவானவரும் உறவினரும் பூசுதல் என்றே சொல்லி வந்திருக்கின்றனர்.

‘பூசை’ என்ற சொல்லே பூசு என்னும் திராவிட வினையிலிருந்து பிறந்தது என்று சுவீடன் நாட்டு வடமொழி அறிஞர் யார்ல் சார்பெந்தியர் 1920களில் எழுதினார். திருவுருவிலே சந்தனமும் குங்குமமும் பூசுதல் வழிபாட்டின் மூலச்செயல் என்பது அவர் கருத்தின் அடிப்படை. பூவினாற் செய்வது பூசை என்பாரும் உளர். இது முடிந்த முடிபன்று. ஆயினும் அறிஞர் எண்ணிப் பார்க்கும் அளவுக்குப் பூசுதலும் வழிபாடும் நெருங்கியிருக்கின்றன.

நஞ்சுக்கும் எண்ணெய்க்கும் ஒரே கிறியோ நின்றது போல, நம் பூசுதலுக்கும் இருமுகம் உண்டு. குற்றத்தை மறைத்துப் பேசுவதைப் பூசி மெழுகுதல் என்கிறோம். ஒரே வினை நெற்றியிலே திருநீறாகும், நாவிலே பொய்யாகும்.

கைபடும் நாள்

ஈழத்துச் சைவர்களுக்கு இவ்வினையின் முழுப்பொருளும் கண்முன் தெரியும் நாள் ஒன்று உண்டு. அது கோயிற் கும்பாபிஷேகத்துக்கு முன் நடைபெறும் எண்ணெய்க்காப்பு. நமது சித்திவிநாயகர் கோயில் உட்பட அரியாலையிலும் அயலிலும் இதைக் காணாதவர் இரார். மூர்த்தியைப் பீடத்திலே அட்டபந்தன மருந்து சாத்தி இருத்தியபின், அடியார்கள் வரிசையாகச் சென்று தத்தம் கையினாலேயே திருவுருவத்துக்கு எண்ணெய் சாத்துவர். மற்றைய நாளெல்லாம் சிவாசாரியாரன்றிப் பிறர் தொடக்கூடாத திருமேனி அது. அன்று ஒருநாள் முதியவரும் குழந்தையும் தொடலாம். மறுநாள் நிகழ்வது அபிஷேகம். கும்பத்து நீர் மேலிருந்து சொரியப்படும். மக்கள் அரோகரா என்று கைகூப்பித் தூர நிற்பர். முதல்நாள் பூசுதல்; மறுநாள் பொழிதல். கிரேக்கச் சொல்லுக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் உள்ள இடைவெளியை இவ்விரு நாட்களும் எந்த அகராதியையும்விடத் தெளிவாக்கும்.

தொடுகை என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்தத் தொடுகை நம் சமூகத்திலே எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. தீண்டாமைச் செயல்களைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையிலே 1957 இல் வந்தது. அதன் பின்னும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே, உள்ளே போக விடுங்கள் என்று மனிதர் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு எண்ணெய்க்காப்பு ஏது? பொழிதலைத் தூர நின்றும் பார்க்கலாம். பூசுதலுக்கு அருகே வரவேண்டும். அருகே வரவிடாத சமூகத்திலே இந்த வினைக்குப் பொருளே இல்லாமற் போகும்.

கடைசி எண்ணெய்

பூசுதல் மனிதனுக்குச் செய்யும் முதற் பணியும் கடைசிப் பணியும் ஆகும். பிள்ளை பெற்றவளின் நெய்யணியைத் தொல்காப்பியக் கற்பியல் குறிப்பிடுகிறது. மரணவீட்டிலே உறவினர் ஒவ்வொருவராக வந்து உடலின் தலையிலே எண்ணெயும் அரப்பும் வைத்து நீராட்டுவது நம்மூர் வழக்கம். அதன்பின்னரே பொற்சுண்ணம் முதலியன. நெருங்கிய உரித்தாளர் எண்ணெய் வைக்காமற் பிரேதத்தை எடுத்தால், “எண்ணெய் வைக்கவும் கொடுத்துவைக்கவில்லையே” என்ற வார்த்தை அந்தக் குடும்பத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

ஹோமரின் ‘இலியட்’ காவியத்திலும் இதே வழக்கம் காணப்படுகிறது. போரிலே மாண்ட பத்ரோக்கிளஸின் உடலைத் தோழர்கள் கழுவி எண்ணெய் பூசுகின்றனர். காயங்களிலே ஒன்பதாண்டு பழைய தைலத்தை இட்டு நிரப்புகின்றனர். அங்கே சொல் அலெய்போ. அவனைக் கொன்ற ஹெக்டரை அக்கிலீஸ் கொன்று, உடலைத் தேரிலே கட்டி இழுத்துப் பல நாள் அவமதிக்கிறான். ஈற்றிலே ஹெக்டரின் முதிய தந்தை பிரியாம், பகைவனின் கூடாரத்துக்குத் தானே வந்து மகனின் உடலைக் கேட்கிறான். அப்போது அக்கிலீஸ், பணிப்பெண்களை அழைத்து, தந்தையின் கண்ணிற் படாதபடி உடலை அப்பாற் கொண்டுபோய்க் கழுவி எண்ணெய் பூசச் செய்கிறான். பின்னர்த் தன் கையாலேயே தூக்கிப் பாடையிலே கிடத்துகிறான். பகைவனின் உடலுக்கு எண்ணெய் பூசும் அந்த இடத்திலே ஹோமர் வைத்த சொல் கிறியோ. பிற்காலத்திலே கிறிஸ்து என்ற பெயரைப் பெற்றெடுத்த அதே வினை. தெய்வீகச் சொல், உலகியற் சொல் என்ற விதியை இந்த ஒரு காட்சியே தகர்த்துவிடும். போரிலே வென்றவன் தன் வெறி தணிந்து மனிதனாகும் கணத்தை அந்த வினை சுமந்து நிற்கிறது.

புதிய ஏற்பாட்டிலும் நிறைவேறாத பூசுதல் ஒன்று உண்டு. அடக்கம் பண்ணப்பட்ட இயேசுவின் உடலுக்கு வாசனைத் தைலம் பூசுவதற்காகப் பெண்கள் விடியற்காலையிலே கல்லறைக்குப் போகின்றனர். மாற்கு அங்கே எழுதிய சொல் அலெய்போ. உடல் அங்கே இல்லை. கிறிஸ்தவருக்கு அது உயிர்த்தெழுதலின் நற்செய்தி. ஆனால் கல்லறை வாசலை அடையும்வரை அந்தப் பெண்களின் மனத்திலே இருந்தது, செய்து முடியாத கடமை ஒன்றே.

நம் மண்ணிலே அந்தப் பெண்களை நாம் அறிவோம். அரியாலையின் ஓரத்திலே செம்மணி வெளி. 1999 இல் அங்கே 15 பேரின் உடல் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025 இல் சித்துப்பாத்தி மயானத்திலே நீதிமன்ற மேற்பார்வையில் நிகழ்ந்த அகழ்விலே 200 க்கு மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. சிறுவர்களுடையனவும் அவற்றுள் இருந்தன. அவர்கள் எவருக்கும் எண்ணெய் வைத்த கை இல்லை. காணாமற் போனவர்களின் தாய்மார் ஆண்டுக்கணக்கிலே தெருவோரங்களில் இருந்து கேட்பது உண்மையையும் நீதியையும். அவற்றோடு, வாய்விட்டுச் சொல்லப்படாத ஒன்றும் அக்கேள்விக்குள் இருக்கிறது. உயிரோடிருந்தால் தலையிலே எண்ணெய் தேய்த்து முழுகவார்க்க வேண்டும். இல்லையென்றால் கடைசி எண்ணெயாவது வைக்க வேண்டும். பிரியாம் கேட்டதும் இதைத்தான். அக்கிலீஸுக்குக்கூட அது ஈற்றிலே விளங்கிற்று.

நேயர்களே, ஒரு சொல்லின் பொருளை அகராதியிலே காண்பது முதற்படி. அது எந்தக் கையினாற் செய்யப்பட்டது, எந்த உடலிலே பட்டது என்று காண்பது அடுத்தபடி. கிறியோ என்பதற்கு அபிஷேகம் என்றாலும் அருள்பொழிவு என்றாலும் அவை நல்ல சொற்களே, வழங்கட்டும். ஆனால் அவற்றைப் படிக்கும்போது, அடியிலே ஒரு பூசுதல் இருக்கிறது என்பதை மறவாதிருப்போம். அந்தச் சொல்லிலே எண்ணெயைக் காட்டிலும் முக்கியமானது, தொடத் துணிந்த கை.